‘நிறுத்திட்டாங்க’ என்று இனிச் சொல்ல முடியாது

1

பெங்களூரில் இருந்துகொண்டு ஏதோ வெளிநாட்டுக்காரி மாதிரி ஊருக்கு எழுதுகிறேன் என்று என் அத்தை மகள் கேலி செய்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஆம்பூர் போய்விடலாம். பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ஆனால் அவள் கல்யாணத்துக்குத் துபாயில் இருக்கும் அவள் தம்பி வந்திருந்தான், நான் போகவில்லை. அவள் பிள்ளைக்குக் காது குத்தியபோதும் அவன் வந்தான். நான் செல்போனில் பார்த்தேன், அதுவும் பாதியில் ஒரு நோயாளி கூப்பிட்டு ஓட வேண்டியதாயிற்று. இதில் யார் வெளிநாட்டில் இருக்கிறோம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் நர்ஸ். தொம்மலூரில் குடியிருக்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையின் சர்ஜரி வார்டில் வேலை. படிப்பு முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். இப்போது என் மகள் தர்ஷினி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் அத்திபெலேயில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார்; அவர் வீடு வந்து சேரும்போது தெரு அடங்கியிருக்கும். இத்தனை வருஷத்தில் ஊருக்கு எதையும் எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை, நேரமும் இருந்ததில்லை. போன மாதம் எங்கள் வார்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு நேரம் இருக்கிறது. புத்திதான் ஒரு நிலையில் இல்லை.

2

நோட்டீஸ் கன்னடத்தில் இருந்தது. இங்கிலீஷ் காப்பி பின்னால் வரும் என்றார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும். ஆட்டோக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்கே வரும். ஆனால் படிக்க வராது. பஸ் போர்டைக்கூட நம்பரை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். வார்டில் ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றவள் இன்னும் எழுத்துக்கூட்டக் கற்கவில்லை என்று தெரிந்துவிடுமே என்று வெட்கம். படம் எடுத்துக்கொண்டு போய் என் மகளிடம் காட்டினேன்.

அவள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள். படிப்பதைப் பார்த்தால் தினத்தந்தி படிக்கிற மாதிரி அத்தனை சுலபமாக இருந்தது.

“அம்மா, இது உங்க நர்சுங்களுக்குத்தான். ஷிஃப்ட் முடிஞ்சப்புறம் யாரையும் பலவந்தமா நிறுத்தக் கூடாதாம். இஷ்டம் இருந்தா மட்டும் இருக்கலாம். இல்லன்னு சொன்னா அதுக்காக ஒண்ணும் பண்ணக் கூடாது.”

“இன்னொரு தடவை படி.”

மறுபடியும் படித்தாள். சட்டம் மாறியதா, மேலே யாராவது கேள்வி கேட்டார்களா, முதலாளிக்கே ஞானோதயமா என்றெல்லாம் அதில் போடவில்லை. வார்டிலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குக் காரணம் தேவைப்படவில்லை. பரீட்சையில் பாஸான பெண் மாதிரி அடுப்பங்கரையிலேயே நின்று சிரித்தேன்.

“அப்போ இனிமே உன்ன நிறுத்த மாட்டாங்களா?”

“மாட்டாங்கடி. யாராலயும் முடியாது.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போய்விட்டாள்.

3

எங்கள் வேலையில் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலை ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு முடியும். முடியும் என்றால் கடிகாரத்தில் முடியும். அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் வந்து, அவளோடு கட்டில் கட்டிலாக நடந்து, இவருக்கு இந்த டிரிப் ஓடுகிறது, இவருக்குத் தையலில் கசிவு இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் ஒப்படைத்த பிறகுதான் நாம் பையைத் தொட முடியும். அவள் வராவிட்டால் வார்டு இன்சார்ஜ் வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: “கன்டினியூ.” அந்த வார்த்தைக்கு அர்த்தம், இரவு எட்டு மணி வரைக்கும் நீதான்.

முடியாது என்று சொல்ல வாய் வராது. ‘பேஷன்ட்டை அப்படியே விட்டுட்டுப் போவீங்களா சிஸ்டர்?’ என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் என்ன பேச? கடையா, ஷட்டரை இழுத்துவிட்டுப் போக? உடை மாற்றும் அறைக்குள் போய்த் தமிழ், மலையாளம், கன்னடம், இந்தி என்று நாலு பாஷையிலும் திட்டுவோம். வெளியே வந்து குளுக்கோஸ் பாட்டிலை மாற்றுவோம். மாசத்தில் பாதி நாள் இப்படித்தான் போகும்.

அந்த நாட்களில் கீழ் வீட்டு மஞ்சுளா ஆன்ட்டிக்கு போன் செய்வேன். எங்கள் வீட்டுக்காரம்மா, கன்னடக்காரர். பள்ளிக்கூட வேன் வந்ததும் என் மகளை அவர்தான் இறக்கிக்கொள்வார். போனை அவளிடம் கொடுப்பார். நான், “கண்ணு, இன்னைக்கு நிறுத்திட்டாங்க” என்பேன். சின்ன வயசில், ‘யாரு நிறுத்துனாங்க, அவங்க கெட்டவங்களா?’ என்று அழுவாள். அப்புறம் அழுகை நின்றது. அப்புறம் கேள்வியும் நின்றது. கடைசியில் நான் ‘நிறு’ என்று ஆரம்பித்ததுமே, “சரிம்மா, ஆன்ட்டி தட்டு வெச்சுட்டாங்க” என்று போனை வைத்துவிடுவாள்.

மஞ்சுளா ஆன்ட்டி வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு உண்டு. விளிம்பில் கொஞ்சம் நசுங்கிய எவர்சில்வர் தட்டு. அதில் வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள்.

4

என் அம்மாவும் நேரத்துக்கு வீடு வந்தவளில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல் தோல் தைக்கிற மிஷினில் இருந்தாள். கம்பெனி வேன்தான் கூட்டிக்கொண்டு போகும், கொண்டுவந்து விடும். ஆர்டர் அவசரம் என்றால் எடுத்த சரக்கு, லாட் என்பார்கள், முடிகிற வரைக்கும் வேன் எடுக்க மாட்டார்கள். பஸ் இல்லாத வழி, பெண்கள் தனியாகக் கிளம்பவும் முடியாது. நானும் அப்பாவும் பெட்ரோல் பங்க் எதிரில் நின்று ஒவ்வொரு வண்டி விளக்கையும் பார்த்துக்கொண்டிருப்போம். இறங்கும்போதே, “வேன் எடுக்கலடி” என்று சொல்லிக்கொண்டே இறங்குவாள். அவள் மேலும் புடவை மேலும் பசை வாசனை அடிக்கும். எனக்கு வேன் டிரைவர் மேல்தான் கோபம் வரும்.

நோட்டீஸ் சமாசாரத்தைப் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தது என் தப்பு.

“இன்னாடி இது, ஓ.டி. வேணாம்னு நோட்டீஸ் ஒட்டுவாங்களா? நாங்கல்லாம் எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு சூப்பர்வைசர் பின்னாடி சுத்தினோம்.”

“என்னம்மா சொல்ற? வேன் எடுக்கலன்னுதானே சொல்லுவ?”

“எடுக்கலதான். சில நாளு எடுக்கல. சில நாளு நாங்களே இருந்தோம். இப்ப அதெல்லாம் யாரு கணக்கு வெச்சிருக்கா? மிஷின்ல உக்காந்தா நாலு பேரு, சிரிப்பு, பேச்சு. வூட்ல இன்னா இருந்துச்சு? சரி வுடு, கொழந்த சாப்ட்டாளா?”

வூட்டில் நான் இருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாப்பிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த வேன் டிரைவரின் முகம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது, பாவம், அவரை எத்தனை சாபம் விட்டிருப்பேன்.

5

முதல் நாள் ரெண்டு மணிக்கு வெளியே வந்தேன். மருத்துவமனை வாசலில் வெயில் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியில் வாழைக்காய் வாங்கி, வீட்டுக்கு வந்து பஜ்ஜி போட்டு, மூடி வைத்துவிட்டு மாடிப்படியில் நின்றேன்.

வேன் வந்தது. தர்ஷினி இறங்கினாள். மேலே பார்க்காமல் நேராகக் கீழ் வீட்டுக்குள் போனாள். கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பஜ்ஜித் தட்டோடு நான் படி இறங்கினேன்.

உள்ளே அவள் ஷூவைக் கழற்றிவிட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வகுப்பில் நடந்த எதையோ கன்னடத்தில் கை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மஞ்சுளா ஆன்ட்டி வெங்காயம் உரித்தபடி கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். வெங்காயத்தாலா சிரிப்பாலா தெரியவில்லை. வீட்டில் என் மகள் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவள் சட்டென்று நகர்ந்து இடம் விட்டு, “கூத்கொள்ளி” என்றாள். உட்காருங்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். விருந்தாளி மாதிரியே அரைச் சொம்பு மோர் குடித்தேன்.

“ஜெயந்தி, டூட்டி பேகனே முகிஞ்சிடுச்சா?” என்று மஞ்சுளா ஆன்ட்டி பாதித் தமிழில் கேட்டார். சீக்கிரமே முடிந்துவிட்டதா என்கிறார்.

“இனிமே தினமும் இப்படித்தான் ஆன்ட்டி.”

“அது ஒள்ளேதுதான்,” என்றார். நல்லதுதான் என்றாலும் அவர் முகத்திலும் ஒரு யோசனை ஓடியது. பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாட்களில் நான் வீட்டைத் துடைத்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். மகளின் மேஜையை ஒழுங்குபடுத்தினேன், அவள் அதைப் பழையபடி கலைத்து வைத்தாள். அவள் ஹோம்வொர்க் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், “அம்மா, உனக்கு வேற வேல இல்லியா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கும் நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷம் சண்டை போட்டுக் கேட்ட மத்தியானத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அதை எங்கே வைப்பது என்று சொல்லித்தரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவளே மேலே வந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “வெள்ளிக்கிழம மூணு மணிக்கு ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. நான் கன்னடத்துல பேசறேன். நீ வந்தா வா” என்றாள்.

“முன்னெல்லாம் பேசியிருக்கியா? சொன்னதே இல்லியே?”

“சொன்னா மட்டும்? நிறுத்திட்டாங்கன்னுதானே சொல்லுவ?”

“இப்போதான் நிறுத்த முடியாதே. கட்டாயம் வரேன்.”

6

வெள்ளிக்கிழமை சாயங்கால ஷிஃப்டுக்கு இரண்டு பேர் வர வேண்டும். ஒருத்திதான் வந்தாள், ரேகா. ஹாசன் பக்கத்துப் பெண், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டு பேர் தியேட்டரிலிருந்து வார்டுக்கு வரவிருந்தார்கள். ஏற்கெனவே என் பொறுப்பில் இருந்த கட்டிலில், பிரேசர் டவுன் பாத்திமா அம்மாவுக்குக் காலையிலிருந்து பிரஷர் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

இன்சார்ஜ் ஷைனி சிஸ்டர் வந்தார். கோட்டயத்துக்காரர். எத்தனையோ வருஷம் எனக்கு ‘கன்டினியூ’ சொன்னவர், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார்.

“ஜெயந்தி, நிர்பந்தம் ஒண்ணும் இல்ல கேட்டோ. இஷ்டம் உண்டெங்கில் மட்டும். இல்லன்னா நான் நிக்கறேன்.” கட்டாயமில்லை, இஷ்டம் இருந்தால் மட்டும் என்கிறார்.

அவர் முந்தின நாள் இரவும் நின்றவர். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைக் கேட்கிறார்கள். இதற்காகத்தானே நாலு பாஷையில் திட்டினோம்? கட்டாயப்படுத்தியபோது திட்ட முடிந்தது. கேட்டபோது வாயில் ஒன்றுமே இல்லை. ஷைனி சிஸ்டர் நின்றுகொண்டே இருக்கிறார், ரேகா திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கிறாள். பாத்திமா அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டி, “போறியா பேட்டி?” என்கிறார், மகளே என்று.

“இல்லம்மா, இங்கதான் இருக்கேன்” என்றது என் வாய்.

பாத்திமா அம்மாவுக்காகத்தான் இருந்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் இன்னொன்றும் ஓடியது. பள்ளிக்கூட ஹாலில் கன்னடத் தாய்மார்கள் நடுவில், பாதி புரியாமல், எங்கே கை தட்டுவது என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னை நானே பார்த்தேன். இங்கே எனக்கு எல்லாம் தெரியும். எந்த அலமாரியில் எந்த ஊசி என்பது இருட்டிலும் தெரியும். இந்த இரண்டில் எது என்னை நிறுத்தியது என்று எத்தனை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

பாத்திமா அம்மாவின் பிரஷர் கொஞ்சம் நிலைக்கு வந்ததும் மஞ்சுளா ஆன்ட்டிக்கு போன் போட்டேன். எனக்காகக் காத்திராமல் அவர் முன்பே பள்ளிக்கூடம் போயிருந்தார். பின்னால் மைக் சத்தம் கேட்டது. போனை அவளிடம் கொடுத்தார்.

“கண்ணு, இன்னைக்கு நிறுத்திட்டாங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொன்னதில்லை. போனைக் காதில் வைத்தால் அந்த வார்த்தை தானாக வரும். அத்தனை வருஷப் பழக்கம்.

வழக்கம்போல போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்காமல் மெதுவாகக் கேட்டாள்:

“அம்மா, அந்த நோட்டீஸ உனக்குப் படிச்சுக் காட்டினதே நான்தானே?”

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

எட்டு மணிக்கு மேல் வீடு வந்தேன். இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்திருந்தார்கள், மேஜை மேல் இருந்தது. அவள் என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. தோசை ஊற்றிக் கொடுத்தேன், சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

“யாரும் நிறுத்தல. நானேதான் இருந்தேன்” என்றேன். “ஒரு அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியல.”

“அது பரவால்லம்மா.” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும். “முன்னாடியெல்லாம்? அப்பவும் நீயேதான் இருந்தியா?”

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் உண்மையும். நிறுத்தினார்கள், அழுதிருக்கிறேன், காய்ச்சலோடு நின்றிருக்கிறேன், தாய்ப்பால் கட்டி மார்பு கொதிக்க நின்றிருக்கிறேன். ஆனால் எல்லா நாளுமா? பெட்ரோல் பங்க் எதிரில் அம்மாவுக்காக நின்றது ஞாபகம் வந்தது.

“ரொம்ப நாள் அவங்கதான் நிறுத்துனாங்க” என்றேன். “எல்லா நாளுமான்னு தெரியலடி.”

அவள் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனாள். அந்தப் பதிலை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

7

அடுத்த வாரம் சனிக்கிழமையும் ஒரு ஆள் குறைந்தது. ஷைனி சிஸ்டர் மறுபடி வந்து நின்றார். “நிர்பந்தம் இல்ல கேட்டோ.” பாத்திமா அம்மா அன்று எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று வார்டு ஆயாவோடு தகராறு செய்துகொண்டிருந்தார். தியேட்டரிலிருந்து யாரும் வரப்போவதில்லை. இருந்தாலும் ஒரு ஆள் குறைவு குறைவுதான். நான் போனால் அந்த வீங்கிய கால்தான் நிற்கும்.

“வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் சிஸ்டர்” என்றேன். எனக்கே புதிதாக இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் பள்ளி. கீழ் வீட்டில்தான் இருப்பாள். போன் போட்டேன், அவளே எடுத்தாள்.

“கண்ணு, இன்னைக்கு ஆள் கம்மி. யாரும் நிறுத்தல, கேக்கறாங்க. இருக்கவா, வரவா? நீ சொல்லு.”

“என்னக் கேட்டா? உன் இஷ்டம்மா.”

நோட்டீஸில் இருந்த அதே வார்த்தை. அங்கேயும் என் இஷ்டம், இங்கேயும் என் இஷ்டம். இத்தனை வருஷம் யாராவது என் இஷ்டத்தைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள், ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டதும் அனாதை மாதிரி வராந்தாவில் நின்றேன்.

அவள் போனை மேஜையில் வைத்துவிட்டாள் போல, அணைக்க மறந்துவிட்டாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. மஞ்சுளா ஆன்ட்டி கன்னடத்தில் கேட்டார், அம்மாவா, வரவில்லையாமா, சாப்பாடு போடட்டுமா என்று. அவர் தட்டை எடுக்கிற சத்தமும் கேட்டது.

“தட்டெ இடபேடி ஆன்ட்டி,” என்றாள் என் மகள். “ஸ்வல்ப நோடோணா.”

தட்டு வைக்காதீங்க ஆன்ட்டி, கொஞ்சம் பார்க்கலாம்.

எனக்குக் கன்னடம் படிக்கத்தான் வராது, கேட்டால் புரியும். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷைனி சிஸ்டரைத் தேடிப் போனேன்.